பூட்டு இல்லாமல் பாதை நடப்பது: கோப்பு முறைமை எழுதத் தொடங்குபவருக்கு ஒரு விளக்கம்

அரக்கோணத்தில் உள்ள ஒரு வீட்டுக்கு 1989க்கு முன்பு கடிதம் எழுதியவர், முகவரியை வட ஆற்காடு மாவட்டம் என்று முடித்திருப்பார். அந்த ஆண்டு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபின் அதே வீடு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னர் பெயர் மாறியபோது வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019 இறுதியில் வேலூர் மூன்றாகப் பிரிந்தபோது ராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்தது. வீடு ஓரடி கூட நகரவில்லை. அதை அடையும் பாதைதான் மூன்று முறை மாறியிருக்கிறது.

கணினியின் கோப்புகளுக்கும் இதுவே நேர்கிறது. ஒரு கோப்புறையின் பெயரை மாற்றினாலோ அதை வேறொரு கோப்புறைக்குள் நகர்த்தினாலோ உள்ளே இருக்கும் தரவு வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குச் செல்லும் பாதை மட்டும் மாறும். மாவட்டப் பிரிப்புக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. கணினியில் அந்த மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, அதுவும் வேறொரு நிரல் அதே பாதையைப் பாதி தூரம் படித்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடுகிறது. அந்தப் பாதி வழியில் நிற்பவர் தவறான இடத்துக்குப் போய்ச் சேராமலும், அவருக்காக மற்ற எவரையும் காக்க வைக்காமலும் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் இதற்குக் கண்ட வழியையும், அந்த வழிக்கு ஏற்ப ஒரு கோப்பு முறைமையின் (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் பகுதியின்) நிரலைத் திருத்தி அமைக்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும், கெர்னல் நிரலை இப்போதுதான் படிக்கத் தொடங்கியிருப்பவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். காட்பாடியில் ஞாயிறுதோறும் கூடி கெர்னல் படிக்கும் ஐந்தாறு பேரில் நானும் ஒருவன். பயிற்சிக்காக நாங்கள் எழுதிய, "பாலாறு" என்று பெயரிட்ட ஒரு சிறிய கோப்பு முறைமையில் நாங்கள் செய்த பிழைகள்தான் இதை எழுதத் தூண்டின.

பாதை நடப்பது என்றால் என்ன

ஒரு நிரல் "/மாவட்டம்/வேலூர்/கொணவட்டம்/வரி" என்ற கோப்பைத் திறக்கச் சொன்னால், கெர்னல் அந்தச் சரத்தை ஒரே மூச்சில் தேடுவதில்லை. முதலில் வேர்க் கோப்புறையில் நின்று "மாவட்டம்" என்ற பெயரைத் தேடும். கிடைத்தால் அதற்குள் நுழைய இந்தப் பயனருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும். பிறகு அதற்குள் "வேலூர்", அதற்குள் "கொணவட்டம்", கடைசியாக "வரி" என்று ஒவ்வொரு படியாகச் செல்லும். இதைத்தான் பாதை நடப்பது என்கிறோம்.

ஒவ்வொரு படிக்கும் வட்டைப் படித்துக்கொண்டிருந்தால் கணினி ஊர்ந்துதான் போகும். ஆகவே ஒருமுறை கண்டறிந்த பெயர்களைக் கெர்னல் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஒரு பெயரையும், அது எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது என்பதையும், எந்தக் கோப்பைச் சுட்டுகிறது என்பதையும் வைத்திருக்கும் சிறு பொருளுக்கு டென்ட்ரி என்று பெயர். கோப்பின் உரிமையாளர், அனுமதி, அளவு முதலிய விவரங்களை வைத்திருப்பது ஐநோட். டென்ட்ரிகள் எல்லாம் சேர்ந்த சேமிப்பு டென்ட்ரி கேஷ் எனப்படும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சர்வரில் பெரும்பாலான பாதைகள் வட்டைத் தொடாமல் இந்தக் கேஷிலேயே முடிந்துவிடும். ஆகவே வட்டின் வேகம் இங்கே பேச்சே இல்லை. நினைவகத்தில் தயாராக இருக்கும் ஒன்றைப் பல பிராசசர் கோர்கள் ஒரே நேரத்தில் படிக்க முயலும்போது என்ன ஆகிறது என்பதே கேள்வி.

வாயிலில் ஒரு பதிவேடு

வேலூர்க் கோட்டை வாயிலில் ஒரே ஒரு பதிவேட்டை வைத்து, உள்ளே போகிறவர் ஒவ்வொருவரும் பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும், வெளியே வரும்போது அதை அடித்துவிட்டு வர வேண்டும் என்று விதித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே இடம் தாராளமாக இருக்கலாம். கோயிலுக்குப் போகிறவரும் அருங்காட்சியகத்துக்குப் போகிறவரும் ஒருவர் வழியில் ஒருவர் குறுக்கிடாமலும் இருக்கலாம். ஆனால் எல்லோரும் அந்த ஒரு பதிவேட்டுக்காக வரிசையில் நிற்பார்கள். வாயிலை எவ்வளவு அகலமாக்கினாலும் அந்த வரிசை குறையாது.

பழைய லினக்ஸ் கெர்னலில் நடந்தது இதுதான். ஒரு டென்ட்ரியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது வேறு யாரும் அதை நினைவகத்திலிருந்து நீக்கிவிடக் கூடாது என்பதற்காக, ஒவ்வொரு படியிலும் அந்த டென்ட்ரியின் பூட்டை (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடியது, மற்றவர் காத்திருக்க வேண்டும்) பிடித்து, அதன் எண்ணிக்கையை ஒன்று கூட்டி, அடுத்த படிக்குப் போனதும் ஒன்று குறைத்தார்கள். ரெஃபரன்ஸ் கவுண்ட் எனப்படும் இந்த எண்ணிக்கையே நம் பதிவேடு. வேர்க் கோப்புறை எல்லாப் பாதைக்கும் பொது; அதற்கு அடுத்த ஒன்றிரண்டு படிகளும் பெரும்பாலும் பொதுவே. நூறு கோர்களில் நூறு நிரல்கள் தொடர்பில்லாத நூறு கோப்புகளைத் திறந்தாலும், அவை அனைத்தும் வேரின் எண்ணிக்கையில் கை வைத்தாக வேண்டும்.

எண்ணைக் கூட்டுவது அற்பமான வேலையாகத் தோன்றும். ஆனால் இன்றைய பிராசசர்களில் ஒவ்வொரு கோரும் தனக்கென ஒரு சிறு விரைவு நினைவகத்தை வைத்திருக்கிறது; அதற்கும் கேஷ் என்றே பெயர். X86 கணினிகளில் நினைவகம் 64 பைட் கொண்ட துண்டுகளாக அந்தக் கேஷுக்குள் வருகிறது. ஒரு துண்டை எல்லாக் கோர்களும் படிக்க மட்டும் செய்தால் ஆளுக்கொரு நகலை வைத்துக்கொள்ளலாம், எவருக்கும் இடையூறில்லை. யாராவது ஒருவர் அதில் எழுதினால், மற்றவர்களின் நகல் எல்லாம் செல்லாமல் போய், அந்தத் துண்டு எழுதுபவரின் கைக்கு வந்து சேர வேண்டும். அடுத்தவர் எழுத விரும்பினால் அது அவர் கைக்குப் போக வேண்டும். இப்படி ஒரே துண்டு கைமாறிக்கொண்டே இருக்கும்போது, கோர்களைக் கூட்டக் கூட்ட வேலை விரைவதற்குப் பதில் தேங்கிவிடுகிறது. படிப்பதற்காக மட்டும் வந்தவரையும் எழுத வைத்தது பழைய முறையின் அடிப்படைக் குறை என்று நான் கருதுகிறேன். இதைப் புரிந்துகொண்டவருக்கு மீதி எல்லாம் எளிதில் விளங்கும்.

பதிவேடு இல்லாமல் பாதுகாப்பு

பதிவேட்டை எடுத்துவிட்டால் ஓர் ஆபத்து வருகிறது. உள்ளே ஒரு பழைய கட்டடத்தை இடிக்க வேண்டியவருக்கு, அதற்குள் ஆள் இருக்கிறாரா என்று தெரியாது. இதற்கு ஒரு வழி உண்டு. முதலில் அந்தக் கட்டடத்துக்குப் போகும் வழியை மறைத்துவிட வேண்டும். இனிப் புதிதாக யாரும் போக மாட்டார்கள். பிறகு, வழியை மறைத்த நேரத்தில் கோட்டைக்குள் இருந்த அனைவரும் ஒருமுறை வெளியேறும் வரை பொறுத்திருக்க வேண்டும். அவர்களில் யார் எந்தக் கட்டடத்தில் இருந்தார் என்று கேட்கத் தேவையில்லை. அனைவரும் போய்விட்டார்கள் என்றால் அந்தக் கட்டடத்திலும் யாரும் இல்லை. அதன்பின் இடிக்கலாம்.

ஆர்சியூ என்ற மூன்றெழுத்தால் குறிக்கப்படும் உத்தி இதுதான். அதை விரித்தால் "படி, நகலெடு, புதுப்பி" என்று பொருள்படும். பால் மெக்கென்னி என்ற அறிஞரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இந்த முறை 2002இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்தது. படிப்பவர் எங்கும் எதையும் எழுதுவதில்லை. "படிக்கத் தொடங்குகிறேன்", "முடித்துவிட்டேன்" என்ற இரண்டு குறிப்புகள் மட்டும் அவர் நிரலில் இருக்கும். நீக்குபவர்தான் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுத்திருக்கும் காலம் (இனி ஆர்சியூ காலம்) முடிவடைய வேண்டுமானால் படிப்பவர் நடுவில் உறங்கிவிடக் கூடாது. வட்டிலிருந்து தரவு வரும் வரை காத்திருப்பது, நினைவகம் காலியாகும் வரை காத்திருப்பது, உறங்க வைக்கக்கூடிய பூட்டைப் பிடிப்பது ஆகிய எதுவும் அங்கே செய்யத் தகாது. "பாலாறு" தடுக்கி விழுந்ததும் இந்த விதியில்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆர்சியூ ஒரு பொருள் அழியாமல் காக்கும், மாறாமல் காக்காது. நாம் படித்துக்கொண்டிருக்கும் டென்ட்ரியின் பெயரையோ அதன் தாய்க் கோப்புறையையோ இன்னொருவர் அதே கணத்தில் மாற்றலாம். இதற்காக ஒவ்வொரு டென்ட்ரியிலும் ஒரு வரிசை எண் உண்டு. மாற்றத் தொடங்குபவர் அந்த எண்ணை ஒன்று கூட்டுவார், அது ஒற்றைப்படையாகும். மாற்றி முடித்ததும் மீண்டும் ஒன்று கூட்டுவார், இரட்டைப்படையாகும். படிப்பவர் முதலில் எண்ணைக் குறித்துக்கொண்டு, வேண்டியதைப் படித்துவிட்டு, மறுபடி எண்ணைப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாகவும் இரட்டைப்படையாகவும் இருந்தால் இடையில் எதுவும் மாறவில்லை. இல்லையென்றால் படித்ததை அப்படியே எறிந்துவிட வேண்டும்.

நம் பாதையில் இதைப் பொருத்திப் பார்ப்போம். "வேலூர்" டென்ட்ரியின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கெர்னல் அதற்குள் "கொணவட்டம்" என்பதைத் தேடுகிறது. கிடைத்ததும் "கொணவட்டம்" டென்ட்ரியின் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. அதன்பின் "வேலூர்" எண் மாறியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிறது. புதிய படியில் கால் ஊன்றிய பிறகே பழைய படியைச் சரிபார்த்து விடுகிறது. இந்த வரிசை முக்கியம். பழையதைச் சரிபார்த்துவிட்டுப் பிறகு புதியதன் எண்ணைக் குறித்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள ஒரு கணத்தில் "கொணவட்டம்" வேறெங்கோ நகர்த்தப்பட்டு, நாம் அறியாமலே வேறு மரத்தில் நடந்துகொண்டிருப்போம்.

நிக் பிக்கின் எழுதிய இந்த மாற்றங்கள் 2011 மார்ச்சில் வெளியான 2.6.38 பதிப்பில் சேர்ந்தன. டென்ட்ரி கேஷ் முழுவதற்கும் பொதுவாக இருந்த ஒற்றைப் பெரும் பூட்டும் அப்போதே நீங்கியது. புதிய முறையை ஆர்சியூ நடை என்றும், எண்ணிக்கை கூட்டும் பழைய முறையை ரெஃப் நடை என்றும் அழைக்கிறார்கள். 2013இல் வந்த 3.12 பதிப்பு, பூட்டையும் எண்ணிக்கையையும் ஒரே எட்டு பைட்டுக்குள் அடக்கி, பாதையின் கடைசிப் படியில் ஒருமுறை எண்ணிக்கை கூட்ட வேண்டியிருப்பதையும் விரைவாக்கியது. ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளமும் 2021இல் வந்த 13ஆம் பதிப்பில் இதே நோக்கத்தோடு பூட்டில்லாத் தேடலைக் கொண்டுவந்தது.

"இப்போது முடியாது" என்று சொல்லும் உரிமை

ஆர்சியூ நடை எப்போதும் வெற்றி பெறும் என்று கெர்னல் எதிர்பார்ப்பதில்லை. வழியில் ஒரு டென்ட்ரி கேஷில் இல்லாமல் போகலாம், வரிசை எண் மாறியிருக்கலாம், கோப்பு முறைமை வட்டைப் படிக்க வேண்டியிருக்கலாம். அப்போது, தான் நிற்கும் படியில் எண்ணிக்கையைக் கூட்டி, அந்தப் படி இன்னும் செல்லுபடியாகிறதா என்று எண்ணைப் பார்த்து, அங்கிருந்து ரெஃப் நடைக்கு மாறிக்கொள்ள முயலும். மாறிவிட்டால் அந்தப் பாதையின் மீதித் தூரம் முழுவதும் ரெஃப் நடைதான். அதுவும் முடியாதபோது ஈசைல்ட் என்ற பிழைக் குறியீட்டோடு பின்வாங்கி, பாதையை முதலிலிருந்து ரெஃப் நடையில் தொடங்கும்.

ஈசைல்ட் என்பதற்கு வேறிடத்தில் "காத்திருப்பதற்குக் குழந்தைச் செயல்முறை எதுவும் இல்லை" என்று பொருள். பாதை நடையில் அதற்கும் குழந்தைகளுக்கும் தொடர்பில்லை. கோப்பு முறைமைகள் வேறு காரணத்துக்காகத் திருப்பித் தராத ஒரு குறியீடாக இருந்ததால் எடுத்துக்கொண்டார்கள். எண் 10. பாதை நடையில் எழும் இந்தப் பிழை பயனரின் நிரலை எட்டுவதே இல்லை; கெர்னலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, விரைவான வழி தோற்கலாம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு கௌரவமான சொல்லையும் கொடுத்திருப்பது. கோப்பு முறைமை எழுதுபவர் எல்லாச் சூழலையும் பூட்டின்றிச் சமாளிக்க வேண்டியதில்லை. தன்னால் முடியாத இடத்தை அடையாளம் கண்டு, எதையும் கெடுக்காமல், ஈசைல்ட் என்று சொல்லத் தெரிந்தால் போதும். கடினம் எல்லாம் அந்த அடையாளம் காண்பதில்தான் இருக்கிறது.

கோப்பு முறைமையின் பங்கு

முதலில் ஒரு நிம்மதி. வட்டில் பெயரைத் தேடும் செயல்கூறு (ஃபங்ஷன்) ஆர்சியூ நடையில் அழைக்கப்படுவதே இல்லை. அதற்கு முன்பே கெர்னல் ரெஃப் நடைக்கு மாறிவிடும். கோப்புகளை உருவாக்குவது, அழிப்பது, எழுதுவது ஆகியவையும் அப்படியே. ஆர்சியூ நடையில் நம் நிரலைத் தொடும் இடங்கள் சிலவே: அனுமதி பார்ப்பது, டென்ட்ரி இன்னும் செல்லுமா என்று பார்ப்பது, பெயர்களை ஒப்பிடுவது, வேறொரு பாதையைச் சுட்டும் குறியீட்டு இணைப்பைப் பின்தொடர்வது. இவற்றோடு, நேரடியாக அழைக்கப்படாவிட்டாலும் பாதிக்கப்படும் ஒன்று உண்டு. அது ஐநோட்டை விடுவிப்பது.

அனுமதி பார்க்கும் செயல்கூற்றுக்குக் கெர்னல் "தடைபட்டு நிற்காதே" என்ற ஒரு கொடியைச் சேர்த்து அனுப்பும். "பாலாறு" முறையில் ஒவ்வொரு கோப்புறைக்கும் அனுமதிப் பட்டியல் ஒன்றைத் தனி வட்டுத் தொகுதியில் வைத்திருந்தோம். முதல்முறை கேட்கும்போது நினைவகம் ஒதுக்கி அந்தப் பட்டியலை வட்டிலிருந்து படித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தோம். கொடியை நாங்கள் பார்க்கவே இல்லை. மடிக்கணினியில் வாரக்கணக்கில் நன்றாகவே ஓடியது. பிழைகாணும் வசதிகளை இயக்கிய கெர்னலில் ஏற்றிய முதல் நிமிடத்தில், உறங்கக் கூடாத இடத்தில் உறங்கக்கூடிய செயல்கூறு அழைக்கப்பட்டது என்ற எச்சரிக்கை திரையை நிரப்பியது. திருத்தம் சிறியதுதான். கொடி இருந்து, பட்டியல் நினைவகத்தில் இல்லையென்றால் ஈசைல்ட். பட்டியல் இருந்தால் அதையே படித்து விடை சொல்வது. கெர்னலின் பொதுவான அணுகல் பட்டியல் நிரலும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஆனால் இரண்டாவது பாதியைக் கவனியுங்கள்: அந்தப் பட்டியலை இப்போது எண்ணிக்கை கூட்டாமல் படிக்கிறோம், ஆகவே அதை மாற்றும்போது பழைய பட்டியலை உடனே விடுவிக்கவும் கூடாது. ஓரிடத்தில் பூட்டை எடுத்தால் அதன் விளைவு இன்னோர் இடத்தில் விடுவிக்கும் நிரலில் வந்து நிற்கும். இதை எங்கள் குழுவில் ஒரு மாணவி கேட்ட பிறகுதான் நான் கவனித்தேன்.

டென்ட்ரி செல்லுமா என்று பார்க்கும் செயல்கூறு பெரும்பாலும் பிணையக் கோப்பு முறைமைகளுக்கு உரியது. வேறு கணினியில் இருக்கும் கோப்பு இதற்குள் மாறியிருக்கலாம் அல்லவா. அங்கே கேட்டு விடை பெறுவதற்குக் காத்திருக்க வேண்டும், அதனால் ஈசைல்ட் தவிர்க்க முடியாததாகலாம். காத்திருக்காமல் விடை சொல்ல முடிந்தாலும் ஓர் எச்சரிக்கை உண்டு: ஆர்சியூ நடையில் டென்ட்ரியின் ஐநோட் சுட்டி (ஐநோட் இருக்கும் நினைவக முகவரி) எந்தக் கணத்திலும் வெறுமையாகலாம். ஒரே ஒருமுறை அதைப் படித்து உள்ளூர் மாறியில் வைத்துக்கொண்டு, அந்த மாறியைச் சோதித்து, அந்த மாறியையே பயன்படுத்த வேண்டும். சோதிக்க ஒருமுறையும் பயன்படுத்த இன்னொரு முறையும் படித்தால், இரண்டாம் முறை வெறுமை கிடைக்கலாம்.

பெயர் ஒப்பிடுதலை விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதில் தமிழுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. பெரும்பாலான கோப்பு முறைமைகளுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. பைட்டுக்குப் பைட் ஒத்திருந்தால் ஒரே பெயர். "கொணவட்டம்" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்த்தால் மொத்தம் 27 பைட், எகரக் குறியையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தால் 30 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சாதாரணக் கோப்புறையில் இவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். 2019இல் வந்த 5.2 பதிப்பில் லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமைக்கு, ஆங்கிலத்தின் பெரிய எழுத்துச் சிறிய எழுத்து வேறுபாட்டைப் பாராமல் பெயரை ஒப்பிடும் வசதி சேர்ந்தது. அந்த வசதி யூனிகோடு இயல்பாக்கத்தையும் செய்வதால், அப்படி அமைத்த கோப்புறையில் நம் இரண்டு "கொணவட்டமும்" ஒரே கோப்பாகிவிடும். எழுத்தில் பெரிது சிறிது இல்லாத தமிழுக்கும் பயனுள்ள வசதி இது.

ஆனால் அப்படி ஒப்பிட, கோப்பு முறைமை தன் சொந்த ஒப்பீட்டுச் செயல்கூற்றைத் தர வேண்டும். அது ஆர்சியூ நடையில், பூட்டு ஏதும் இல்லாமல் அழைக்கப்படும். நீளமான பெயர்கள் தனி நினைவகத்தில் இருக்கும். அவை மாறுவதில்லை, ஆர்சியூ காலம் முடிந்த பிறகே விடுவிக்கப்படும். குறுகிய பெயர்களோ டென்ட்ரிக்குள்ளேயே இருக்கும். பெயர் மாற்றம் நடந்தால் நாம் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பைட்டுகள் மாறும். தவறான விடை கிடைப்பதைப் பற்றிக் கவலையில்லை, ஏனென்றால் பின்னால் வரிசை எண் அதைக் காட்டிக்கொடுத்து, விடை எறியப்படும். ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட் கொண்டது. அதன் முதல் பைட்டைப் பார்த்து நீளத்தை முடிவு செய்து, அடுத்த பைட்டைப் படிப்பதற்குள் அங்கே வேறு பெயர் வந்து உட்கார்ந்தால், யூனிகோடு நிரல் எல்லையைத் தாண்டிப் படிக்கத் தொடங்கிவிடலாம். அப்போது வரிசை எண் பார்க்கும் வரை கெர்னல் உயிரோடு இருக்குமா என்பதே ஐயம். ஆகவே குறுகிய பெயரை முதலில் ஒரு தற்காலிக இடத்தில் நகலெடுத்துக்கொண்டு, மாறாத அந்த நகலைத்தான் ஒப்பிடுகிறார்கள். நகலே பாதி பழையதும் பாதி புதியதுமாக இருக்கலாம். ஆனால் ஒப்பிட்டு முடிக்கும் வரை அது மாறாமல் இருக்கும். தவறான விடையைக் கெர்னல் பொறுத்துக்கொள்ளும், தவறான நடத்தையைப் பொறுத்துக்கொள்ளாது என்ற வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

குறியீட்டு இணைப்புகளுக்கு 2.6.38இல் ஆர்சியூ நடை இல்லை. இணைப்பைக் கண்டதும் ரெஃப் நடைக்கு மாறிவிடும். 2015இல் வந்த 4.2 பதிப்பில்தான் அவையும் சேர்ந்தன. இப்போது ஆர்சியூ நடையில் இணைப்பைப் பின்தொடரும் செயல்கூற்றுக்கு டென்ட்ரிக்குப் பதிலாக வெறுமையான சுட்டி வரும். அதைக் கண்டால் உறங்கக் கூடாது என்று பொருள்.

விடுவிப்பதில் உள்ள சிக்கல்

இனி, நேரடியாக அழைக்கப்படாத அந்தப் பகுதி. ஆர்சியூ நடையில் இருப்பவர் எந்த எண்ணிக்கையையும் கூட்டவில்லை. அதனால் அவர் ஐநோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அந்தக் கோப்பை அழிக்கலாம், கோப்பு முறைமையையே அன்மவுண்ட் செய்யவும் (பயன்பாட்டிலிருந்து கழற்றவும்) செய்யலாம். எனவே ஐநோட்டின் நினைவகத்தை ஆர்சியூ காலம் முடிந்த பின்னரே விடுவிக்க வேண்டும் என்பது 2.6.38 முதல் கட்டாய விதி. இதற்கென்றே 5.2 பதிப்பு விடுவிக்கும் வேலையை இரண்டாகப் பிரித்தது: உடனே செய்யக்கூடியவை ஒரு செயல்கூற்றில், காலம் முடிந்தபின் செய்ய வேண்டியவை இன்னொன்றில். இரண்டாவதை அழைப்பதற்கு முன் கெர்னலே காத்திருந்துகொள்ளும்.

ஐநோட்டை மட்டும் காத்தால் போதும் என்று எண்ணிவிடுகிறோம். அனுமதி பார்க்கும் நிரல் ஐநோட்டிலிருந்து எதையெல்லாம் தொடுகிறது, பெயர் ஒப்பிடும் நிரல் எந்த அட்டவணையைப் பார்க்கிறது, இணைப்பின் சரம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போனால், அவை அனைத்தும் அதே விதிக்குள் வருகின்றன. இது எவ்வளவு எளிதில் தவறக்கூடியது என்பதற்குச் சான்று, விதி வந்து 13 ஆண்டுகள் கழித்து, 2024 தொடக்கத்தில், கெர்னலின் இந்தப் பகுதியைப் பராமரிப்பவர்களில் ஒருவரான அல் வீரோ கோப்பு முறைமைகளை ஒவ்வொன்றாகத் துழாவி வெளியிட்ட திருத்தத் தொகுப்பு. எக்ஸ்ஃபேட் முறையில் பெயர் ஒப்பிடப் பயன்படும் எழுத்து அட்டவணை அன்மவுண்ட் செய்யும்போது உடனே விடுவிக்கப்பட்டது. எச்எஃப்எஸ் பிளஸ், புரோக்எஃப்எஸ், ஃபியூஸ், என்எஃப்எஸ் ஆகிய கோப்பு முறைமைகளிலும் இதை ஒத்த குறைகள் இருந்தன. இவை அனுபவம் மிக்கவர்கள் எழுதி, உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள்.

அதே தொகுப்பில் இன்னொரு திருத்தமும் இருந்தது. ஆர்சியூ நடையில் அனுமதி பார்க்கும் செயல்கூறு "அனுமதி இல்லை" என்பதுபோன்ற உறுதியான பிழையைத் திருப்பினால், கெர்னல் முன்பு அதை அப்படியே நம்பியது. ஆனால் பார்த்த ஐநோட்டே பாதி கலைக்கப்பட்ட நிலையில் இருந்திருக்கலாம் அல்லவா. இப்போது, அந்த இடம் இன்னும் செல்லுபடியாகிறது என்று உறுதி செய்த பிறகே அந்தப் பிழையைப் பயனரிடம் சொல்கிறது. பூட்டில்லாமல் கிடைத்த "ஆம்" எவ்வளவு ஐயத்துக்குரியதோ, "இல்லை" என்பதும் அவ்வளவே ஐயத்துக்குரியது.

பழைய கோப்பு முறைமை ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கண்ட வரிசையைச் சொல்கிறேன். முதலில் விடுவிக்கும் நிரலைச் சரிசெய்யுங்கள், அது விருப்பத்துக்குரியதன்று. அடுத்து, அனுமதி, செல்லுபடி, இணைப்பு ஆகிய மூன்றிலும் ஆர்சியூ நடைக்கான அடையாளத்தைக் கண்டவுடன் ஈசைல்ட் என்று திருப்பிவிடுங்கள். வேகம் குறைவுதான், ஆனால் பிழையில்லாத நிலை அது. பல ஆண்டுகள் பெயர்பெற்ற கோப்பு முறைமைகளே அந்த நிலையில் இருந்திருக்கின்றன. அதன்பின், அளந்து பார்த்து, உண்மையில் நெரிசல் உள்ள இடத்தில் மட்டும் ஈசைல்டை ஒவ்வொன்றாக எடுங்கள். சோதிக்கும்போது, உறக்கத்தைக் கண்டுபிடிக்கும் வசதி, ஆர்சியூ விதிகளைச் சரிபார்க்கும் வசதி, விடுவித்த நினைவகத்தைத் தொடுவதைக் கண்டுபிடிக்கும் கேசான் ஆகிய மூன்றையும் இயக்கிய கெர்னலைப் பயன்படுத்துங்கள். ஒரு முனையத்தில் "கொணவட்டம்" கோப்புறையை "வேலூர்", "ராணிப்பேட்டை" என்ற இரண்டு கோப்புறைகளுக்கு இடையே ஓயாமல் நகர்த்திக்கொண்டிருக்கும் ஒரு சுழலும், மற்ற முனையங்களில் அதே பாதையின் விவரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் சுழல்களும் ஓடட்டும். நடுநடுவே அன்மவுண்ட் செய்து மீண்டும் மவுண்ட் செய்யுங்கள்.

"பாலாறு" முறையில் அனுமதி பார்ப்பது இப்போது ஆர்சியூ நடையிலேயே முடிகிறது. இணைப்பைப் பின்தொடரும் செயல்கூறு இன்னும் ஈசைல்ட் என்றே சொல்கிறது. இணைப்பின் சரத்தை ஐநோட்டோடு வைத்து, அதைக் காலம் முடிந்தபின் விடுவிக்கும் திருத்தத்தை வரும் ஞாயிற்றுக்கிழமை எழுத இருக்கிறோம்.